எத்தனை வயலின் என்பதே வழக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயின் வேலைநிறுத்தங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 2003-ஆம் ஆண்டு இசைக்கலைஞர்கள் போராட்டத்தை "வாசிக்காதவர்களுக்கும் சம்பளம் கேட்ட சங்கம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அந்தச் சண்டையில் சம்பள உயர்வு இரண்டாம்பட்சம். மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் வழக்கே.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. பிராட்வேயில் குறைந்தபட்ச வாத்தியக்காரர் எண்ணிக்கை நாடகத்துக்கு நாடகம் மாறுவதில்லை. அது அரங்கத்தோடு கட்டப்பட்டது. சின்ன அரங்குகளுக்கு மூன்று பேர் போதும். மிகப் பெரிய அரங்குகளுக்கு அப்போது 24 முதல் 26 பேர். பெரிய அரங்கில் டிக்கெட் வசூலும் பெரிது, அதில் ஒரு பங்கு இசைக்குப் போகட்டும் என்பது சங்கத்தின் கணக்கு. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாகப் பேரம் பேச உட்கார்ந்தால், ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் குறைவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. நான்கு கிட்டார் போதும் என்கிற நாடகம் பெரிய அரங்குக்கு வந்தால், மீதி எண்ணிக்கைக்குச் சும்மா சம்பளம் போகும். அப்படிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு "வாக்கர்" என்று பெயரே உண்டு. ஆனால் 1993 ஒப்பந்தத்திலேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். கலைக் காரணத்தைக் காட்டித் தயாரிப்பாளர் ஆள் குறைக்கக் கேட்கலாம், நடுநிலையாளர்களும் இருக்கும் குழு அதை முடிவு செய்யும். கட்டுரை சொல்லும் குறை, போராட்டத்துக்குப் பத்து வருடம் முந்தையது.

2003-இல் தயாரிப்பாளர்கள் முதலில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்பதையே ஒழிக்கச் சொன்னார்கள். பிறகு 7 என்றார்கள். வாத்தியக்காரர்கள் வெளியேறினால் கணினி இசையை வைத்தே நாடகத்தை ஓட்டிவிடலாம் என்று ஒத்திகையும் நடந்தது. மார்ச் 7-ஆம் தேதி நியூயார்க் இசைக்கலைஞர்களின் சங்கமான லோக்கல் 802 வெளியேறியபோது நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் மறியலைத் தாண்டி உள்ளே போகவில்லை. 18 இசை நாடகங்கள் நின்றன. கணினி தயார்தான், பாட ஆள் இல்லை. நான்கு நாள் கழித்து, நியூயார்க் மேயர் புளூம்பெர்க் இரு தரப்பையும் மேயரின் இல்லமான கிரேசி மாளிகைக்கு அழைத்து விடிய விடியப் பேசவைத்த பிறகு உடன்பாடு வந்தது. பெரிய அரங்குகளுக்கு 18 அல்லது 19 பேர், அதுவும் பத்து ஆண்டுக்கு. வெற்றி என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டன. எண்ணிப் பார்த்தால் ஆறேழு நாற்காலிகள் காலி.

அந்த நாற்காலிகளில் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் தந்தி வாத்தியக்காரர்கள். ஆள் குறைப்பு என்று வந்தால் முதல் வெட்டு வயலினுக்குத்தான், ஏனென்றால் அந்த இடத்தைச் சிந்தசைசரால் நிரப்பலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இசைக்கோர்ப்பு செய்பவர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. ஒரு வயலின் என்றால் தனி வாசிப்பு. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு குழுவின் நாதம் வரத் தொடங்கும். இரண்டு பேர் ஒரே வரியை வாசித்தால் சுருதியில் மயிரிழை வித்தியாசம்கூட அலையலையாகக் காதில் விழும், ஒருவர் தவற்றை மறைக்க மூன்றாமவர் இல்லை. எட்டு வயலினை இரண்டாக்கி மேலே சிந்தசைசரைப் பூசுவது இப்படித்தான் பல்லிளிக்கிறது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசை மெலிந்த கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே ஒரே வயலினை நாலு தடவை பதிவு செய்து அடுக்கலாம். நாடகத்தில் அந்த வசதி கிடையாது.

ஊது வாத்தியங்களில் சிக்கனம் வேறு விதம். ஒரே ஆள் புல்லாங்குழல், பிக்கோலோ, கிளாரினெட், சாக்ஸபோன் என்று நான்கைந்தைத் தாங்கியில் நிறுத்தி வைத்து மாற்றி மாற்றி வாசிப்பார். இரண்டாவது வாத்தியத்துக்குச் சம்பளத்தில் 12.5 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 6.25. இன்னொருவரை வைப்பதைவிட இது மலிவு. ஆனால் இருபது நிமிடம் தாங்கியில் நின்ற புல்லாங்குழல் குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும். சாக்ஸபோனிலிருந்து உதட்டை எடுத்து நாலு தாளத்துக்குள் அதை எடுத்து ஊத வேண்டும். முதல் சுரம் சற்றே கீழே விழுந்தால் வாசிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணினி ஏன் முழுதாக மாற்றாகாது என்பதற்கு "வேம்ப்" ஒன்று போதும். வசனம் ஓடும்போது பின்னால் இரண்டு அல்லது நான்கு தாளச் சுற்று இசை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். நடிகர் கடைசிச் சொல்லை முடித்ததும் இசை நடத்துநர் சைகை காட்ட, பாட்டு தொடங்கும். சிரிப்பு நீண்டால் இன்னொரு சுற்று. நம்மூர் நாடக ஆர்மோனியக்காரர், ராஜபார்ட் மேடைக்கு வரும்வரை வாசித்துச் சமாளிப்பாரே, அதே வேலை. பதிவு செய்த தடம் யாருக்காகவும் காத்திருக்காது. நடத்துநரைப் பின்தொடரும்படி ஓர் ஆள் இயக்கும் கருவிகள் வந்தன. அதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது!

ஆள் அதிகம் இருந்தால்தான் நல்ல நாடகம் என்று நான் சொல்லவில்லை. 2005-இல் பிராட்வேக்கு வந்த "ஸ்வீனி டாட்" மறுதயாரிப்பில் பத்து நடிகர்களே எல்லா வாத்தியங்களையும் வாசித்தார்கள், இசைக்கோர்ப்புக்கு, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதும் கிடைத்தது. அங்கே அது இயக்குநரின் கலைத் தேர்வாக நின்றது, வெறும் ஆள் குறைப்பாக அல்ல. மறுபக்கம், 2008-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் அரங்கில் "சவுத் பசிபிக்" இசை நாடகம் 30 வாத்தியக்காரர்களோடு வந்தது. தொடக்க இசையின் நடுவே மேடைத் தளம் பின்னால் நகர்ந்து பள்ளத்தில் இருந்தவர்களைக் காட்டியபோது அரங்கம் கைதட்டியது.

சங்க விதி எப்போதும் சங்கத்தின் நோக்கத்துக்கே உதவும் என்றும் சொல்ல முடியாது. 1937 ஜூன் 16 அன்று, "தி கிரேடில் வில் ராக்" என்ற தொழிற்சங்க ஆதரவு இசை நாடகத்தை, நிதிக் குறைப்பைக் காட்டி அமெரிக்க அரசே அரங்கைப் பூட்டி நிறுத்தியது. குழுவினர் இருபது தெரு தள்ளி வேறோர் அரங்கைப் பிடித்தார்கள். ஆனால் மேடையில் நடிக்கக் கூடாது என்று நடிகர் சங்கமே தடுத்தது. இசைக்கலைஞர் சங்கமும் வேறு நிபந்தனை போட்டது. கடைசியில் இசையமைத்த மார்க் பிளிட்ஸ்டைன் மட்டும் மேடையில் பியானோவோடு உட்கார, நடிகர்கள் பார்வையாளர் நடுவே எழுந்து நின்று பாடினார்கள். மேடையில் ஏறக் கூடாது என்றுதானே விதி, நாற்காலியிலிருந்து எழக் கூடாது என்று இல்லையே.

நியூயார்க் போகும் வாசகர்களுக்கு ஒன்று. அரங்க வாசலில் இலவசமாகத் தரும் "பிளேபில்" புத்தகத்தில், நடிகர் பட்டியலை அடுத்து வாத்தியக்காரர் பட்டியலும் இருக்கும். விளக்கு அணைவதற்குள் வயலின் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்