விழுந்த பிள்ளை எழுந்திருக்கும்வரை ரிங்கில் ஏறாதீர்கள்: வடசென்னை பாக்ஸிங் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும், போட்டியை நடத்திய பெரியவர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் தோளில் தூக்கிச் சுமந்தீர்களே, அந்தப் பையனின் அம்மா நான். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். இரண்டாவது ரவுண்டு, இடது கையை வளைத்து அடித்த ஒரு லெஃப்ட் ஹூக், எதிர்த்து ஆடிய எண்ணூர்ப் பிள்ளை மல்லாந்து விழுந்தான். அதுவரைக்கும் விளையாட்டு. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மகன் ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வருடமாக விடிகாலை நாலரைக்கு எழுந்து ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை ஓடுகிற பிள்ளை அவன். நான் நைட் டியூட்டி முடித்து வீட்டுக்கு வரும்போது வியர்வை சொட்டச் சொட்ட வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். அவன் கிளவுஸ் கிழிந்தபோது உங்களில் மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு புதுசு வாங்கிக் கொடுத்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். விழுந்த பிள்ளை எழுந்திருக்கும்வரை, டாக்டர் பார்த்து முடிக்கும்வரை, தயவுசெய்து யாரும் ரிங்கில் ஏறாதீர்கள்.

நான் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அதில் ஏழு வருடம் தலைக்காய வார்டில். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை விழுந்த விதத்திலேயே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நினைவோடு விழுகிறவன் கையை ஊன்றுவான். இவன் ஊன்றவில்லை. தலை பலகையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கை நீட்டியபடியும் ஒரு கை மடங்கியபடியும் அப்படியே விறைத்து நின்றுவிட்டன. மூளை குலுங்கியதற்கான அடையாளம் அது. ரெஃப்ரி எண்ணக்கூட இல்லை. கையை ஆட்டி நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டார். என் மகன், அவன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, இரண்டு பேருக்கும் பொதுவான மூலையான நியூட்ரல் கார்னருக்குப் போய் நின்றான். டாக்டர் மேசையை விட்டு எழுந்தார்.

மேசைக்கும் ரிங் படிக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியைக் கடக்க அவருக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. நர்ஸாக இருக்கிறவளுக்கு எதற்கெடுத்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம், அதனால் சொல்கிறேன். படி முழுக்க நீங்கள்தான். கயிற்றுக்கு அடியிலும் மேலேயும் புகுந்து முப்பது பேருக்குக் குறையாமல் மேலே ஏறிவிட்டீர்கள். நீங்கள் குதிக்கக் குதிக்கப் பலகை அதிர்ந்தது. பலகை அதிரும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையும் அதிர்ந்தது. பல்லைக் காக்கப் போடுகிற கம்ஷீல்டு அவன் வாய்க்குள்ளேயே இருந்தது. மயக்கத்தில் மல்லாந்து கிடக்கிறவன் வாயில் அது இருந்தால் மூச்சு அடைக்கலாம். ரெஃப்ரி ஒரு கையால் அவன் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். உங்களில் ஒருவர் அவன் காலைத் தாண்டி நின்று செல்ஃபி எடுத்தார்.

நானும் ஓடி வந்தேன். "வழி விடுங்கப்பா, நான் நர்ஸு" என்று கத்தினேன். ஒரு தம்பி என் தோளைப் பிடித்து, "யம்மா, உன் புள்ளதாம்மா ஜெயிச்சான், ஏம்மா அழுவுற?" என்று கேட்டார். பாசமாகத்தான் கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில் என் மகன் உங்கள் தோளில் இருந்தான். இரண்டு கையையும் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க அவன் கத்துகிற வீடியோதான் இப்போது எல்லோர் போனிலும் ஓடுகிறது, பின்னால் ஒரு சினிமாப் பாட்டோடு. அவன் வாயிலும் கம்ஷீல்டு இருந்தது தம்பிகளா. "எறக்குண்ணா, எறக்குண்ணா" என்று அவன் கத்தியது உங்களுக்கு ஜெயித்த ஆர்ப்பாட்டமாகக் கேட்டிருக்கிறது. அவனை இறக்கிவிட்ட பிறகு நேராக அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதைப் பார்த்த உங்களில் சிலர், "ஜெயிச்சவன் எதுக்குடா அழுவுறான், இவன்லாம் மேல வர மாட்டான்" என்று சொன்னதையும் கேட்டேன். அவனும் கேட்டான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. பதக்கத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டான். இன்றுவரை வெளியே எடுக்கவில்லை.

தலையில் ஹெட்கார்டு போட்டிருந்தானே, என்ன ஆகிவிடும் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐயா, ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்தால் உடனே வெளியே தெரியவும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நன்றாகப் பேசிவிட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து வாந்தி எடுத்து மயங்கியவர்களை என் கையால் ஸ்ட்ரெச்சரில் தள்ளியிருக்கிறேன். அதனால்தான் முதல் சில நிமிடத்தில் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். மூச்சுப் பாதை, கழுத்து, கண்ணின் பாப்பா, இந்த மூன்றையும் பார்க்க அவருக்கு இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், அமைதி வேண்டும்.

1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் அமெரிக்க பாக்ஸர் மான்சினியோடு மோதிய கொரியாக்காரர் கிம் டுக்-கூ 14வது ரவுண்டில் விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். உலகப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைந்ததற்கு அந்தச் சாவு ஒரு காரணம். மான்சினி கொரியாவுக்கே போய் இறுதிச் சடங்கில் நின்றார். ஜெயித்தவர் அவர். ஆனால் அந்தப் பாரம் அவரை விட்டுப் போகவே இல்லை. என் மகனுக்குப் பதினேழு வயது. அப்படி ஒரு பாரத்தை அவன் தலையில் ஏற்றப் பார்த்தீர்கள். அவன் குத்திய குத்துக்கு விதி இருக்கிறது. நீங்கள் மறித்த அந்த இரண்டு நிமிடம் நாற்பது நொடிக்கு எந்த விதியும் இல்லை.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1980ல் முகமது அலி மதராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் போய்ப் பார்த்தவர். அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அன்றைக்கு அலியோடு காட்சி ஆட்டம் ஆடியவர் ஜிம்மி எல்லிஸ். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் அமெரிக்காவில் லூயிவில் என்கிற ஊரில் ஒன்றாகப் பழகியவர்கள். 1971ல் ஹூஸ்டனில் அதே எல்லிஸை அலி 12வது ரவுண்டில் வீழ்த்தியிருந்தார். ஒன்பது வருடம் கழித்து அவரையே கூட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்து, நம் ஜனங்கள் முன்னால் சிரித்துக்கொண்டே ஆடினார். "அடிச்சவனும் அடிவாங்கினவனும் ஒண்ணா வந்தாங்க பாரு, அதுக்குப் பேருதான் பாக்ஸிங்" என்பார் அப்பா. ஜனங்கள் மேடையேறிக் கலாட்டா செய்து போட்டி பாதியில் நின்ற கதைகளும் அவரிடம் உண்டு. அவற்றைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

போட்டி நடத்தியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் வாழைமரம் இருந்தது. மேடையில் ஆளுயர மாலைகள் இருந்தன. விருந்தினர்களுக்குத் துணி போர்த்திய நாற்காலிகள் இருந்தன. மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. பிள்ளை விழுந்த பிறகுதான் 108க்குப் போன் போட்டீர்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் விளம்பரத் தட்டி ஒன்றில் படுக்கவைத்து, வாசல் வரை தூக்கிக்கொண்டு போனார்கள். சம்பளம் வாங்காமல் சாயங்காலமானால் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்கள் நம் ஏரியாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்கு ஒரு நல்ல பஞ்சிங் பேக் கிடையாது, மழை பெய்தால் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. மூன்று நாள் வெடித்த பட்டாசுக் காசில் எவ்வளவோ செய்திருக்கலாம். ஜெயித்தால் தூக்குகிறோம், தோற்றவன் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு நாள் அந்த அம்மா தனியாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என் மகனைத் தவிர நம் ஆட்கள் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை.

கோபத்தில் நிறைய பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திட்ட வேண்டும் என்று உட்காரவில்லை, கேட்டுக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் முதல் போட்டியை ஆரம்பிக்காதீர்கள் ஐயா. ரிங்குக்கு ஏறுகிற படி ஒன்றை டாக்டருக்கென்றே விடுங்கள். தம்பிகளே, அன்றைக்கு ஏறிய அதே முப்பது பேர் அடுத்த போட்டியில் கைகோத்து ரிங்கைச் சுற்றி நின்றால் போதும், வேறு ஒருத்தரும் ஏற முடியாது. கத்துங்கள், விசிலடியுங்கள், மோளம் அடியுங்கள். என் மகனுக்கும் அது பிடிக்கும். விழுந்த பிள்ளை எழுந்திருக்கும்வரை மட்டும் கீழேயே நில்லுங்கள். அந்த வீடியோவையும் அனுப்பாதீர்கள், வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ அதை அந்த அம்மாவுக்கே காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஸ்கேனில் கசிவு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சொல்லும்வரை கிளவுஸ் தொடக்கூடாது. என் மகன் தினமும் ஸ்கூல் விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. நேற்று வந்து, "ஞாயித்துக்கிழமை அவனையும் அவங்க அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன், வஞ்சிரம் வாங்கிடு" என்றான்.

எங்கள் தெருமுனையில் நீங்கள் ஒரு பேனர் கட்டியிருக்கிறீர்கள். அதில் என் மகன் கையைத் தூக்கி நிற்கிறான், அவன் காலடியில் அந்தப் பிள்ளை கிடக்கிறான். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர அந்த வழியை விட்டால் வேறு வழியில்லை. அவர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். அதற்குள் இறக்கிவிடுங்கள் தம்பிகளா. ஏணி எங்கள் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சாம்பியனின் அம்மா,
ராயபுரம், சென்னை