கோரை முடியும் சுருட்டை முடியும்: தோழிக்கு ஒரு கடிதம்

செங்கோட்டை,
ஆடி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. உன் முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கே சாரல் பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட சேலை காய இரண்டு நாள் ஆகிறது. மகள்கள் இருவரும் நலம்.

உன் கடிதத்தில் என் மனத்தைத் தைத்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உன் பேத்தி குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்றும், அந்தச் சுருட்டை முடியைச் சீயக்காய்த்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் வைக்கோலைப் போலவே நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் என் இளைய மகளின் முகம்தான் கண்முன் வந்தது. நான் செய்த அதே தவறு உன் வீட்டில் நடக்க வேண்டாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மூத்தவளுக்கு வளைவின்றி நேராக விழும் கோரை முடி, இளையவளுக்குச் சுருட்டை. இரண்டு தலைக்கும் வெள்ளிதோறும் ஒரே எண்ணெய், ஒரே தூள், ஒரே தேய்ப்பு. 'சுருட்டை முடி சோறு போடும்' என்று ஊரார் சொல்லக் கேட்டு மகிழ்ந்தேனே தவிர, அந்த முடிக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முடியை எல்லாம் உச்சியில் குவித்து, துணி துவைப்பதைப் போலக் கசக்கி, காய்ந்த பிறகு நெருக்கமான சீப்பால் இழுத்தேன். பிடரியில் அடையடையாகச் சிக்கு விழுந்தது. பத்து வயதில் அவள் முடியைக் காதளவுக்கு வெட்டவேண்டியதாயிற்று. தரையில் கிடந்த சுருள்களை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

என்னைத் திருத்தியவர் கேரளத்து ஆரியங்காவில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டுச் சேச்சி. நம் ஊர் முன்பு திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்ததுதானே. எல்லைக்கோடு நகர்ந்தாலும், வாரம் ஒருமுறை நல்லெண்ணெயும் சீயக்காயும் தேய்க்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே, மூலிகை போட்டுக் காய்ச்சிய 'காச்சிய எண்ணெயும்', செம்பருத்தி இலையைப் பிழிந்தெடுக்கும் கொழகொழப்பான தாளியும் கொண்டு அன்றாடம் தலை நனைக்கும் வழக்கமும் இருக்கிறது. சேச்சி ஒரு பிடி செம்பருத்தி இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கிப் பிழிந்து, துணியில் வடிகட்டினார். பச்சை நிறத்தில், வெண்டைக்காய்ச் சாற்றைப் போல இழுபடும் கொழகொழப்பு. அதை என் மகளின் தலையில் வார்த்து விரல்களை விட்டார். விரல்கள் வேரிலிருந்து நுனிவரை தடையின்றி இறங்கின. பிள்ளை அழவில்லை.

அதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. தலைத்தோலில் சுரக்கும் இயற்கையான எண்ணெய், கோரை முடியில் சரிவில் ஓடும் நீரைப் போல நுனிவரை இறங்கிவிடுகிறது. அதனால் அது விரைவில் பிசுபிசுக்கிறது. சுருட்டை முடியிலோ ஒவ்வொரு வளைவும் அந்த எண்ணெயைத் தடுத்துவிடுவதால் வேரில் எண்ணெயும் நுனியில் வறட்சியும் ஒருசேர இருக்கின்றன. மேலும் ஒவ்வொரு முடியின் மேற்புறமும் நம் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்தது; முரட்டுத் தேய்ப்பில் அவை தூக்கிக்கொண்டு ஒன்றோடொன்று மாட்டுவதே சிக்கு. தலைத்தோலின் இயல்பான அமில-கார அளவு (pH) ஏறத்தாழ 5.5. குளியல் சோப்பு 9, 10 வரை காரமானது. அதைத் தலையில் தேய்த்தால் செதில்கள் விரிந்து நிற்கும். எந்தத் தலைக்கும் சோப்பு வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே உன் பேத்திக்கு இப்படிச் செய்து பார். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியின் நீளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. அது முடியின் உள்ளே ஊடுருவும் எண்ணெய் என்பதால், கழுவும்போது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. பிறகு முடியை நான்கு பாகமாகப் பிரித்துக் கட்டு. மென்மையான ஷாம்புவை ஒரு குவளை நீரில் கரைத்து, ஒவ்வொரு பாகமாக, வேரில் மட்டும் விரல் நுனியால் தேய், நகம் படக்கூடாது. முடியின் நீளத்தைத் தேய்க்கவே வேண்டாம், அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே அதற்குப் போதும். அதன்பின் கண்டிஷனரையோ வடிகட்டிய தாளியையோ நீளத்தில் பூசி, அது தலையில் இருக்கும்போதே அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, நன்றாக அலசிவிடு. துவாலையால் முறுக்காதே, பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடு. வாரம் ஒருமுறை போதும். சீயக்காயை விட மனமில்லை என்றால் காயை ஊறவைத்துக் கொதிக்கவைத்து, வடிகட்டிய தெளிவை மட்டும் ஊற்று. தூளின் கரகரப்பு சுருள்களுக்குள் தங்கிச் செதில்களை உராய்வதுதான் கேடு, சீயக்காய் அன்று.

உன் மருமகளுக்குக் கோரை முடி என்று நினைவு. அவளுக்கு இதற்கு நேர்மாறு: இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தலைத்தோலை நன்றாகக் கழுவலாம், கண்டிஷனர் வைத்தால் நுனிக்கு மட்டும், ஈரத்தில் முடி எளிதில் இழுபட்டு அறும் என்பதால் காய்ந்த பிறகே சீவட்டும். அலை முடி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆப்பிரிக்க மக்களின் இறுகிய நெளிமுடியை இன்னும் நீண்ட இடைவெளி விட்டு, பின்னலாகப் பிரித்து வைத்துக்கொண்டே கழுவுகிறார்கள் என்பதை அறிந்தபோது, என் மகளுக்கு நான் அறியாமல் இழைத்தது எத்தகையது என்று தெளிவாகியது.

உங்கள் சென்னை வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நான் சந்தேகிக்கிறேன். குழாயின் வாயில் வெள்ளை உப்புப் படிந்திருக்கிறதா என்று பார். கடின நீரின் சுண்ணாம்பு உப்பு முடியிலும் படியும். சுருட்டை முடி அதனால் மேலும் சொரசொரப்பாகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ உப்பு நீக்கிய நீரோ இரண்டு குவளை எடுத்து வை. இங்கே மலை இறங்கி வரும் தண்ணீரில் குளித்துப் பழகிய நமக்கு இந்தத் தொல்லை தோன்றவே இல்லை.

பொடுகு இருந்தால் எண்ணெயை நிறுத்து. தலைத்தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சைக்கு எண்ணெயே உணவு. தொடர்ந்து எண்ணெய் வைத்தால் பொடுகு பெருகும். அதற்குத் தோல் மருத்துவரிடம் கேட்டு மருந்து ஷாம்பு வாங்குவதே நல்லது.

தாளிப்பொடி கடையில் கிடைக்கும். ஆனாலும் எங்கள் கொல்லைச் செம்பருத்தியின் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து அனுப்புகிறேன், வெயில் வரட்டும். அதற்குள் மேலே சொன்னபடி ஒரு ஞாயிறு குளிப்பாட்டிவிட்டு எனக்கு எழுது. பிள்ளை அழுதாளா என்பதை முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழி