கல்லுக்கு மூட்டுவலியா என்று கேட்டவனுக்கு

கிளமெண்டி, சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். மூத்தவள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை நினைத்து இப்போதே வீட்டை இரண்டாக்குகிறாள். மணியம் அண்ணனைத் தேக்காவில் பார்த்தேன். ஆள் மாறவில்லை, கடனும் திரும்பவில்லை.

எழுதுவதற்குக் காரணம் வேறு. "கல்லுக்கு என்ன மூட்டுவலியா, ஸ்கேன் எடுக்கிறாய்?" என்று கேட்டுச் சிரித்தாயே, அந்தக் கல் சென்ற வாரம் பதில் சொல்லிவிட்டது. மணற்பாறைத் துண்டு ஒன்றின் நுண்துளைகளில் நிரம்பியிருந்த, இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனைக் கரியமில வாயு தள்ளிக்கொண்டு போவதை எம்ஆர்ஐ படத்தில் கண்ணாரப் பார்த்தோம்.

உன் மருத்துவமனை எம்ஆர்ஐ இயந்திரமும் என் ஆய்வக எம்ஆர்ஐ இயந்திரமும் தேடுவது ஹைட்ரஜன் அணுக்கருவைத்தான். மீத்தேன் மூலக்கூறில் அது நான்கு உண்டு, கரியமில வாயுவில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மீத்தேன் இருக்குமிடம் வெளிச்சமாகவும் மற்றது புகுந்த இடம் இருளாகவும் தெரியும். கேட்க எளிது. ஆனால் 100 பார் அழுத்தத்தில்கூட (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு) மீத்தேனில் இருக்கும் ஹைட்ரஜன் அதே கனஅளவு நீரில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அதுவும் கல்லின் ஐந்தில் ஒரு பங்கான துளைகளில் மட்டும். போதாக்குறைக்குக் கல்லில் உள்ள இரும்புக் கனிமங்கள் காந்தப்புலத்தைக் குலைத்து, கிடைக்கிற சிக்னலையும் சட்டென்று அணைத்துவிடுகின்றன. காந்தம் வலுவாக ஆக இந்தக் குலைவும் கூடும் என்பதால், நீ பெருமையடிக்கும் 3 டெஸ்லா இயந்திரத்தைவிட என் சின்னக் காந்தமே இங்கே மேல். இதை உன் தலைமை மருத்துவரிடமும் சொல்.

கல்லைச் சுருங்கும் உறையில் போட்டு, உலோகமில்லாத அழுத்தக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் ஹைட்ரஜனே இல்லாத ஃபுளோரின் திரவத்தை நிரப்பி அழுத்தம் கொடுக்கிறோம். சாதாரண எண்ணெயை ஊற்றினால் கல் இருக்குமிடம் தெரியாமல் எண்ணெய்தான் பளபளக்கும்.

இதுவரை பலரும் செய்துவந்தது, வெளியேறும் வாயுவை மறுமுனையில் அளந்து, கரியமில வாயு எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பதைக் கொண்டு உள்ளே நடந்த கலப்பைக் கணக்கிடுவது. படத்தைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. 100 பார், 40 பாகை செல்சியஸில் கரியமில வாயு மீத்தேனைவிட எட்டு, ஒன்பது மடங்கு அடர்த்தியானது. கல்லைக் கிடையாக வைத்தால் அது அடிப்பக்கமாக நாக்கு நீட்டி முன்னே ஓடுகிறது, மேலே மீத்தேன் அசையாமல் நிற்கிறது. மறுமுனைக் கருவிக்கு அந்த நாக்கும் தெரியாது, இரு முனைகளிலும் உள்ள குழாய்களுக்குள் வாயு தேங்கிக் கலப்பதும் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிக் கல்லின் தலையில் கட்டிவிடுகிறது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "வண்ணப் படத்தால் என்ன லாபம்?" என்று கேட்டார். லாபம் இதுதான் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது.

இதில் எனக்கு உண்மையான கவலையும் உண்டு. இங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026 முதல் 45 வெள்ளி. மின்நிலையப் புகையிலிருந்து பிடிக்கும் கரியமில வாயுவைப் புதைக்க, நுண்துளைகள் அரிதான நம் புக்கிட் தீமா கருங்கல் உதவாது, வேறு நாட்டுப் பாறைகளைத்தான் நாடவேண்டும். வற்றிவரும் எரிவாயு வயலில் செலுத்தினால் மிச்ச மீத்தேனையும் அது தள்ளிக் கொடுக்கும். நெதர்லாந்துக் கடலில் கே12-பி வயலில் 2004 முதல் பல ஆண்டுகள் இப்படித் திருப்பிச் செலுத்திப் பார்த்தார்கள். ஆனால் உள்ளே கலப்பு மிகுந்தால் எடுக்கும் எரிவாயு கெட்டு, பிரிக்கும் செலவு ஏறும். கணினி மாதிரிக்குள் ஊதிப்பெருத்த கலப்புக் கணக்கைப் போட்டு நல்ல வயலைக் கைவிடுவதும் நடக்கலாம். கைக்கடக்கமான கல்லில் அளந்ததை நம்பி, பல கிலோமீட்டர் பாறையில் வாயு விரைந்தோடும் அடுக்கு ஒன்றைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கலாம். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன், அதற்கு என் படம் போதாது.

இப்போது உன் உதவி வேண்டும். ஒரு முப்பரிமாணப் படம் முடிவதற்குள் வாயு நகர்ந்துவிடுகிறது. துடிக்கும் இதயத்தைப் படமெடுக்க நீங்கள் தரவைக் குறைவாக எடுத்து மீதியைக் கணக்கிட்டு நிரப்புகிறீர்கள் அல்லவா, அதில் எவ்வளவு குறைத்தால் படத்தில் பொய்க்கோடுகள் தோன்றத் தொடங்கும் என்பதை உன் அனுபவத்திலிருந்து விவரமாக எழுது. கேலியைப் பின்குறிப்பில் வைத்துக்கொள்.

அன்புடன்,
நாதன்