அந்தப் பன்னிரண்டு ஸ்குவாட்ரன் கணக்கை யார் போட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் 1962 சீனப் போர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விமானப்படையை இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம், நேரு பயந்துபோய் அமெரிக்காவிடம் கையேந்தினார் என்று இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். ஆதாரமாக அவர் காட்டுவது 1962 நவம்பர் 19 அன்று நேரு கென்னடிக்கு எழுதியதை. அதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம்.

அன்று ஒரே நாளில் போனவை இரண்டு கடிதங்கள். முதலாவது போய்ச் சில மணி நேரத்துக்குள் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது என்றுதான் இரண்டாவது கடிதம் தொடங்குகிறது. இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் இருக்கும் போம்டிலா விழுந்துவிட்டது, சேலா கணவாயிலிருந்து பின்வாங்கிய நம் படை நடுவில் மாட்டிக்கொண்டது, திக்பாய் எண்ணெய் வயல்களுக்கு ஆபத்து, உடனே எதுவும் செய்யாவிட்டால் அசாம், திரிபுரா, மணிப்பூர், நாகாலாந்து எல்லாமே கைவிட்டுப் போய்விடும் என்கிறார். அப்புறம் கோரிக்கை வருகிறது. ஒலியை மிஞ்சும் வேகத்தில், எந்தப் பருவத்திலும் பறக்கக்கூடிய போர் விமானங்கள் குறைந்தது 12 ஸ்குவாட்ரன் (விமானப்படையின் ஒரு பிரிவுக்கு ஸ்குவாட்ரன் என்று பெயர்) வேண்டும். நாட்டில் நவீன ரேடார் கிடையாது, அதுவும் வேண்டும். நம் ஆட்கள் பயிற்சி பெறும்வரை அமெரிக்க விமானப்படையினரே வந்து இவற்றை இயக்க வேண்டும். கூடவே பி-47 ரக குண்டுவீச்சு விமானங்கள் 2 ஸ்குவாட்ரன். அவற்றை ஓட்டப் பழக நம் விமானிகளை அமெரிக்காவுக்கு அனுப்பத் தயார்.

அணிசேராக் கொள்கையை உலகம் முழுக்கப் பேசிய மனிதர் இதை எழுதினார் என்பதைப் படிக்க இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. இதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் கட்டுரையில் விட்டுப்போன இரண்டு இடங்கள் அதே கடிதத்தில் உண்டு.

ஒன்று, விமானப்படையை ஏன் இறக்கவில்லை என்பதற்கு அவரே காரணம் எழுதியிருக்கிறார். தரைப்படைக்குத் துணையாக விமானங்களை அனுப்ப வேண்டும் என்று பலமுறை தோன்றியது, ஆனால் இப்போதிருக்கும் விமானங்களையும் ரேடாரையும் வைத்துக்கொண்டு சீனா திருப்பி அடித்தால் தடுக்க நமக்கு வழியில்லை என்கிறார். இன்னொன்று, அமெரிக்க விமானங்கள் சண்டை போட வேண்டியது இந்திய வானத்துக்குள் மட்டும்தான். எல்லையைத் தாண்டி, திபெத்துக்குள் போய்த் தாக்குவதென்றால் இந்திய விமானமும் இந்திய விமானியும்தான் போவார்கள். அவ்வளவு பதற்றத்திலும் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். வாஷிங்டனில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் தெரியும். நேரு கேட்பது வெறும் ராணுவக் கூட்டணிகூட இல்லை, அமெரிக்காவையும் முழுசாகச் சண்டைக்குள் இழுக்கிற வேலை என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் டெல்லியில் இருந்த தூதர் கால்பிரெய்த்துக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தியை அமெரிக்க அரசே அச்சில் வெளியிட்டிருக்கிறது. இரண்டு நாளில் சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்துவிட்டதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

விமானப்படை சும்மா இருந்தது என்ற எண்ணத்தையும் கட்டுரை ஏற்படுத்துகிறது. டகோட்டா, பேக்கெட் ரகச் சரக்கு விமானங்கள் மலைமுகடுகளுக்கு மேலே போய்ச் சாமான் போட்டன. ஏஎன்-12 விமானங்கள் ஏஎம்எக்ஸ் டாங்கிகளை ஏற்றிக்கொண்டு லடாக்கில் 14,000 அடிக்கு மேல் இருக்கும் சுஷூல் ஓடுதளத்தில் போய் இறங்கின. அதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த வேலை. வெளியே வராமல் நின்றவை ஹன்டர் போர் விமானங்களும் கான்பரா குண்டுவீச்சு விமானங்களும்தான். அவற்றையும் இறக்கியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று 2012இல் விமானப்படைத் தளபதி பிரவுனே வெளிப்படையாகச் சொன்னார். இருக்கலாம். அப்படி இறக்கினால் சீனா திருப்பி அடித்து, கல்கத்தாவில் குண்டு விழும் என்ற பயம் மிகையானது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. சீன விமானங்கள் கிளம்ப வேண்டிய திபெத்தின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. குண்டுச் சுமையோடு விமானம் எழும்புவதே பெரும்பாடு. அதே சமயம், கிழக்கு எல்லையில் சண்டை நடந்த நம்கா சூ பள்ளத்தாக்குக் காட்டுக்குள் யார் நம் ஆள், யார் சீனன் என்று மேலே பறக்கிறவருக்கு யார் காட்டியிருப்பார்கள்? தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து அதற்குப் போதிய ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

இதையெல்லாம் நானும் கட்டுரையாளரும் ஊகமாகத்தானே பேச வேண்டியிருக்கிறது? என் ஆதங்கம் அதுதான்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமிலும் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே கட்டு கட்டாக ஃபைல் வரும், மேலே ஆர்.டிஸ். என்று குறித்திருந்தால் நிரந்தரமாக வைக்க வேண்டும், டி.டிஸ். பத்து வருஷம், எல்.டிஸ். ஒரு வருஷம். ஒரு பட்டா தகராறுக்கு யாராவது பழைய ஃபைல் கேட்டு வந்தால் நாங்கள் முதலில் புரட்டுவது வெளியே போன உத்தரவை அல்ல, நோட் ஃபைலைத்தான். எந்தக் கிளார்க் என்ன எழுதி மேலே அனுப்பினார், தாசில்தார் மார்ஜினில் என்ன கிறுக்கினார், யார் வேண்டாம் என்றார், எந்தத் தேதியில் மனசு மாறினார் என்பதெல்லாம் அதில்தான் கிடக்கும். நேரு கடிதத்தில் நம் கையில் இருப்பது வெளியே போன சுத்தப் பிரதி மட்டும். நோட் ஃபைல் எங்கே? 12 என்ற எண் எங்கிருந்து வந்தது? விமானப்படைத் தலைமையகம் கொடுத்த கணக்கா, வெளியுறவுச் செயலர் அறையில் உட்கார்ந்து போட்டதா? அன்றைய விமானப்படைத் தளபதி ஏ.எம். இன்ஜினியர் என்ன குறிப்பு வைத்தார்? வெளியுறவுச் செயலரைத் தவிர வேறு யாரிடமும் நேரு கலக்கவில்லை என்று நேருவின் வரலாற்றை எழுதிய எஸ். கோபால் குறிப்பிடுகிறார். அப்படியென்றால் கேள்வி இன்னும் பெரிதாகிறது.

இதே மாதிரி இன்னொரு எண்ணைப் பாருங்கள். 1940 மே 16 அன்று, பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவின் தலைவர் டௌடிங் விமான அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொன்னீர்கள், இப்போது என்னிடம் 36தான் இருக்கிறது, இனியும் பிரான்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் இங்கிலாந்தும் போய்விடும் என்று பிரதமர் சர்ச்சில் விருப்பத்துக்கு எதிராக நேராகவே எழுதினார். அவர் சொன்னது சரியா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அந்த 52 எப்படி வந்தது, அதற்கு முந்தைய நாள் அமைச்சரவையில் என்ன பேசினார்கள் என்று பார்க்க லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் போதும்.

நம்மிடம் கதை வேறு. 1965இல் எம்.பி. சுதிர் கோஷ் மாநிலங்களவையில் இந்த விவகாரத்தைக் கிளப்பி, அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பலை நேரு கேட்டார் என்றபோது, பிரதமர் சாஸ்திரி அப்படி எதுவும் கேட்கவில்லை என்று மறுத்தார். கடிதத்தில் கப்பல் இல்லை, உண்மைதான். 12 ஸ்குவாட்ரன் பற்றி மூச்சு விடவில்லை. (நல்ல தலைமைக் கிளார்க் பதில்!) கடிதங்களின் முழு வாசகம் கென்னடி நூலகத்தின் வழியாக 2010இல்தான் நமக்கு வந்தது. அதே 2010இல், 1962 தோல்வி பற்றி ராணுவமே விசாரித்து எழுதிய ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிட முடியாது, அது இன்றைக்கும் ராணுவ ரீதியாக முக்கியமானது என்று நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். அந்த அறிக்கையும் தரைப்படையைப் பற்றியதுதான்.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை வெளியிட்டது; போர் ஆவணங்களைப் பொதுவாக 25 வருஷத்தில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. 1962க்கு அந்தக் கெடு 1987லேயே முடிந்துவிட்டது. 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தங்களிடம் இல்லை, துறைகள் அனுப்பவே இல்லை என்று சொன்னார். எங்கள் ரெக்கார்டு ரூமில் இப்படிச் சொல்லியிருந்தால் மெமோ வந்திருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு கடிதங்களும் சேர்ந்தே சில பக்கங்கள்தான். அடுத்த ஞாயிறு மலரில் அவற்றை வெட்டாமல் முழுசாகத் தமிழில் போடுங்கள். கட்டுரையாளருக்கும் அதே பக்கத்தில் பதில் சொல்ல இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
திருநெல்வேலி.