செக்கை எங்கே போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவிபட்டினத்தில் கருவாடு காயப்போட்டு விற்கிறேன். நெத்திலிக்கும் சாளைக்கும் சேர்த்து வியாபாரி 18,400 ரூபாய்க்கு செக் கொடுத்தார். அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கி பக்கத்திலேயே இருப்பதால் அங்கேயே மாற்றலாம் என்று போனேன். "இங்கே உங்களுக்குக் கணக்கு இல்லையே" என்று திருப்பிவிட்டார்கள். மறுநாள் போனேன், அதே பதில். காரணத்தை யாரும் சொல்லவில்லை. மீன் வாடையோடு வரிசையில் நின்றவளிடம் இரண்டு நிமிடம் பேச அவர்களுக்கு நேரமில்லை.

அப்புறம் ராமநாதபுரத்தில் என் கணக்கு இருக்கும் வங்கிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்த பிள்ளை செக்கின் இடது மூலையில் இருந்த இரண்டு கோடுகளைத் தொட்டுக் காட்டியது. "இந்தக் கோடு இருந்தால் கையில் பணம் தரமாட்டார்கள் அக்கா, உங்கள் கணக்கில்தான் சேரும். எந்த வங்கி செக்காக இருந்தாலும் இங்கேயே போடலாம், செக்கின் படம்தான் அந்த வங்கிக்குப் போகும்" என்றது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. செலானில் முத்திரை வைத்துக் கொடுத்தபோதுதான் மூச்சு வந்தது. வங்கியில் செக் போட வைத்திருக்கும் பெட்டியில் போடச் சொன்னாலும், கவுண்டரில் கொடுத்து ரசீது கேட்க நமக்கு உரிமை உண்டாம்.

இதையெல்லாம் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு கிளையின் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும். வங்கி அதிகாரிகள் தயவுசெய்து கவனிக்கவும்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி ஒருத்தி,
தேவிபட்டினம்.