கேட்டியின் ஊரிலிருந்து

பிரே, அயர்லாந்து
13.7.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இரவு ஷிப்ட் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. உன் மகள் பாக்ஸிங் கற்றுக்கொள்ளக் கேட்கிறாள் என்று எழுதி, "உன் பொண்ணா இருந்தா பாக்ஸிங்குக்கு அனுப்புவியா, ஒரு நர்ஸா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டாயே, அதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

நேற்று விடிய விடியக் கண்விழித்து அயர்லாந்துக் குத்துச்சண்டை வீராங்கனை கேட்டி டெய்லரின் சண்டையைப் பார்த்தேன். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம், எதிரே மூன்றாம் முறையாக அமாண்டா செர்ரானோ. கேட்டி ஜெயித்துவிட்டாள். இந்த மாதம் 2-ஆம் தேதிதான் அவளுக்கு 39 முடிந்தது. டிவியை அணைத்ததும் உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

"நீ இருக்கிற ஊர்க்காரிதானே அவ?" என்று கேட்டிருந்தாய். ஆமாம். டப்ளினிலிருந்து டார்ட் ரயிலில் கடலை ஒட்டியே தெற்கே வந்தால் எங்கள் பிரே. அவள் பயிற்சி எடுத்த கிளப் துறைமுகத்தின் ஓரத்தில் இருக்கிறது. நான் வந்த புதிதில் அந்தப் பக்கமாக நடந்து போவேன். பார்த்தால் படகுக் கொட்டகை மாதிரி இருக்கும். அப்போது அங்கே கழிப்பறைகூடக் கிடையாது, பக்கத்து மதுக்கடைக்குத்தான் போகவேண்டும். உலகச் சாம்பியன் ஆன பிறகும் அவள் அங்கேதான் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

அப்பா பீட்டர்தான் குரு. எலக்ட்ரீஷியன். அவரும் அயர்லாந்துச் சாம்பியனாக இருந்தவர். கேட்டி சிறுமியாக இருந்தபோது இங்கே பெண்களுக்குப் போட்டியே கிடையாது. முடியை ஹெட்கார்டு என்கிற தலைக்கவசத்துக்குள் திணித்துக்கொண்டு, 'கே. டெய்லர்' என்று பேர் கொடுத்துப் பையன்களோடு மோதுவாள். இதை முதலில் கேட்டபோது எனக்கு நம் ஞாபகம்தான் வந்தது. பாவாடைக்குள் அண்ணனுடைய டிரவுசரைப் போட்டுக்கொண்டு கபடிக்குப் போவோமே! நமக்கு அது பத்தாவதோடு நின்றது. அவளுக்கு 15 வயதில், 2001 அக்டோபர் 31 அன்று, டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் ரிங் திறந்தது. அயர்லாந்தில் அதிகாரபூர்வமாக நடந்த முதல் பெண்கள் குத்துச்சண்டை அதுதான். அதில் ஜெயித்தவள் இவள்.

முதல் உலகப் பட்டம் நம் டெல்லியில், 2006-இல். மேரி கோமும் தங்கம் வாங்கிய அதே போட்டி. பிறகு 2008, 2010, 2012, 2014 என்று வரிசையாக, மொத்தம் ஐந்து. ஆனால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இவளுக்கும் இடமில்லை, மேரிக்கும் இடமில்லை. ஏனென்றால் பெண்கள் குத்துச்சண்டையே அங்கே இல்லை. 2009 ஆகஸ்டில்தான் ஒலிம்பிக் கமிட்டி இறங்கிவந்தது.

லண்டன் ஒலிம்பிக், 2012 ஆகஸ்ட் 9, தங்கத்துக்கான இறுதிச் சண்டை. எனக்கு அன்று மாலை டியூட்டி. வார்டில் எழுந்து உட்காரக்கூடியவர்கள் எல்லாரும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகவாவிடம் இரண்டாம் ரவுண்டு முடிவில் ஒரு புள்ளி பின்தங்கினாள். யாரும் மூச்சுவிடவில்லை. கடைசியில் 10-8 என்று ஜெயித்தாள். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பிபி பார்க்க வந்த நானும் அழுதேன். அவள் ஊர் திரும்பிய அன்று கடற்கரைச் சாலையில் கால்வைக்க இடமில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? 2015-இல் வீட்டில் பிரிவு வந்து அப்பா பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 2016-இல் ஒரே வருடத்தில் மூன்று தோல்வி, மூன்றாவது ரியோ ஒலிம்பிக்கில். அந்த நவம்பரிலேயே லண்டனில் புரொஃபஷனலாக ரிங்கில் இறங்கினாள்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் நர்ஸ் குறுக்கே வருகிறாள். அவள் ஆடிய காலத்து அமெச்சூரில் நாலு ரவுண்டு, தலைக்கு ஹெட்கார்டு. தொட்டுவிட்டு விலகு, அடி வாங்காதே என்பதுதான் பாடம். புரொஃபஷனலில் ஹெட்கார்டு இல்லை. பட்டச் சண்டை என்றால் பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நிமிடமாகப் பத்து ரவுண்டு. 2019-க்குள் லைட்வெயிட் என்கிற எடைப் பிரிவின் நாலு உலகப் பட்ட பெல்ட்டையும் வாங்கிவிட்டாள், சரி. ஆனால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆரவாரிக்க ஆரம்பித்தால் இவள் விலகமாட்டாள், நின்று குத்துக்குக் குத்துக் கொடுப்பாள். 2022 ஏப்ரல் 30, செர்ரானோவோடு முதல் சண்டை. மேடிசன் ஸ்கொயர் கார்டனின் வரலாற்றில் முதல்முறையாகப் பெண்கள் சண்டை முக்கியச் சண்டையாக நடந்தது, 19,187 பேர் வந்திருந்தார்கள். ஐந்தாம் ரவுண்டில் அவள் தலை இரண்டு பக்கமும் ஆடியதைப் பார்க்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். ஜெயித்தாள். ஆனால் அந்த ஐந்தாம் ரவுண்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2023 மே மாதம் டப்ளினில் சண்டை. புரொஃபஷனலாக ஆறரை வருடம் கழித்துச் சொந்த மண்ணில் முதல்முறை. என் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கித் தந்தார், போனேன். சான்டல் கேமரனிடம் தோற்றாள், அவளுடைய புரொஃபஷனல் வாழ்க்கையின் முதல் தோல்வி. அரங்கிலிருந்து வெளியே வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நவம்பரில் அதே இடத்தில், அதே கேமரனை ஜெயித்துப் பட்டத்தை எடுத்தாள்.

போன வருடம் டெக்சஸில் செர்ரானோவோடு நடந்த இரண்டாம் சண்டையில் தலைகள் மோதி, செர்ரானோவின் புருவம் கிழிந்து ரத்தம். கேட்டிக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். ஆனாலும் மூன்று நடுவரும் 95-94 என்று இவளுக்கே கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரிதான், இருந்தாலும் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு செர்ரானோவுக்குப் போயிருக்க வேண்டும்.

ஆனால் நேற்று வேறு கேட்டி. அன்றைய நிகழ்ச்சியில் எல்லாமே பெண்கள் சண்டை, அரங்கு முழுக்கக் கத்துகிறது, இவள் நின்று மோதவே இல்லை. உள்ளே போவாள், குத்துவாள், செர்ரானோவின் கை வருவதற்குள் அங்கே இருக்கமாட்டாள். 39 வயதில் அவளைக் காப்பாற்றியது அந்தக் கால்கள்தான், செல்வி. துறைமுகத்துக் கொட்டகையில் சின்ன வயதில் அவள் அப்பா சொல்லிக்கொடுத்த கால்கள்.

அதனால் என் பதில் இது: அனுப்பு. ஆனால் முதலில் நீயே கிளப்புக்குப் போய் கோச்சைப் பார். முதல் ஆறு மாதம் என்ன சொல்லித்தருவார் என்று கேள். கால் நகர்த்துவதும் அடி படாமல் தற்காப்பதும் என்று சொன்னால் சேர்த்துவிடு. வந்த வாரமே ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவது என்றால் வேறு இடம் பார். தலையில் அடிபட்டு வாந்தியோ, மயக்கமோ, ஞாபக மறதியோ வந்தால் "பரவாயில்லம்மா" என்று உன் மகள் சொல்வதைக் கேட்காதே. உடனே டாக்டரிடம் காட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கம் விடாதே. பாக்ஸிங் வேண்டாம் என்கிற உன் மாமனாரிடம் நீ பேச வேண்டாம், அவள் ஆடுவதை ஒருநாள் அவரே வந்து பார்க்கட்டும்.

கையில் சுற்றும் துணி இரண்டு ஜோடியும், ஒரு மவுத்கார்டும் வாங்கி வைத்திருக்கிறேன். நவம்பரில் வரும்போது கொண்டுவருவேன். மவுத்கார்டை வெந்நீரில் போட்டு எடுத்துப் பல்லில் கடித்து அளவு பதியவைக்க வேண்டும். முதல்முறை நானே செய்துகொடுக்கிறேன். அதுவரை கடையில் எதுவும் வாங்காதே.

அன்புடன்,
மல்லிகா