அக்கௌஸ்டிக் கிட்டாருக்குத் தட்டை கேப்போ அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(முழு முகவரி ரசீது நகலில் உள்ளது)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான கேப்போவை (கிட்டார் கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வியை) மாற்றித் தராமல் ஏழு வாரமாக அலைக்கழிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில்தான்: "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு விரைவில் தொடர்பு கொள்ளும்." நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தேன். ஏழு வாரம் ஆகிறது. போன் செய்து அலுத்து, புதுச்சேரிக்கு மூன்று முறை போய் வந்து, இப்போது தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இதையாவது யாராவது ஒருவர் முழுதாகப் படியுங்கள்.

பொருள் எது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு ஸ்பிரிங் கேப்போதான், 1,490 ரூபாய் மாடல். "அக்கௌஸ்டிக்" என்று, அதாவது ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு என்று, தேர்வு செய்துதான் பணம் கட்டினேன், ரசீதிலும் அப்படியே இருக்கிறது. பெட்டிக்குள் வந்ததோ கிளாசிக்கல், அதாவது நைலான் கம்பி கிட்டாருக்கு உரிய தட்டை ரப்பர் வைத்தது. மாற்றி அனுப்பிவிட்டீர்கள். நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் தவறு நடக்கும், அதில் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

"வாசிக்கத் தெரிஞ்சவங்க வீட்ல யாராச்சும் இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க மேடம்."

உங்கள் சேவை எண்ணில் பேசியவர் என்னிடம் சொன்ன வார்த்தை இது. ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி இருக்கும். அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். நான் பதினான்கு வருடமாகக் கோவிலில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அதில் இரண்டு பேருக்கு கேப்போ போடக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

முதலில் நான் போனில் சொன்ன குறை இதுதான். கேப்போ போட்டால் ஒன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் கரகரவென்று இரைகின்றன. நடுவில் மூன்றாவதும் நான்காவதும் சுருதி ஏறிப்போகின்றன. சுருதி பார்க்கும் ட்யூனரில் 15 சென்ட் வரை ஏற்றம் காட்டுகிறது. ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்றால் இது கொஞ்சம்தானே என்று தோன்றலாம், ஆனால் பக்கத்தில் ஒரு கீபோர்டு வாசித்தால் அந்த வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் காதில் குத்தும். அதற்கு அவர் சொன்ன பதில், "கடலூர் கடற்கரை ஊர்தானே, ஸ்ட்ரிங் துருப்பிடிச்சிருக்கும், மாத்துங்க." சரி என்று 650 ரூபாய் கொடுத்துப் புதுக் கம்பி போட்டேன். அதே இரைச்சல். மறுபடி அழைத்தபோது, "ரெண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவுல போடுங்க மேடம்" என்றார். இதைவிடத் தவறான யோசனை கிடையாது. கேப்போவை ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை ஒட்டி, அதன் பின்னால்தான் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் ஸ்பிரிங் கம்பியைக் கீழே அழுத்தி வளைக்கும், சுருதி இன்னும் ஏறும். கேப்போ விற்கும் நிறுவனத்தில் இருப்பவருக்கு இது தெரியாதா? தெரியாது என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். அதை நான் எடுத்துச் சொன்னதற்குத்தான் அந்தப் பதில், வாசிக்கத் தெரிந்தவரிடம் போனைக் கொடு என்று.

நேரில் வந்தால் பார்த்துத் தருவார்கள் என்று புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். முதல் முறை, கிட்டார் இல்லாமல் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். போனில் யாரும் இதைச் சொல்லவில்லை. இரண்டாவது முறை கிட்டாரோடு வந்தேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கன்னியக்கோவில் தாண்டியதும் மழை, அரியாங்குப்பத்திலும் முருங்கப்பாக்கத்திலும் வண்டி நகரவில்லை. ஒரு மணி நேரப் பயணம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பை நனைந்து, கூட்டத்தில் இடிபட்டு, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் பெக் ஒன்று வளைந்துவிட்டது. உள்ளே போனால் "சார் இன்னைக்கு லீவு" என்கிறார்கள்.

மூன்றாவது முறை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அங்கிருந்த தம்பி என் கேப்போவை வாங்கி, காட்சிக்கு வைத்திருந்த ஒரு கிட்டாரில் மாட்டி, எல்லாக் கம்பியும் சேர்ந்து ஒலிக்க ஒரு கார்டு இழுத்துக் காட்டினார். சுத்தமாகக் கேட்டது. "பாருங்க மேடம், நல்லாத்தானே இருக்கு" என்றார். அது நைலான் கம்பி கிட்டார். அதன் ஃப்ரெட்போர்டு, அதாவது ஃப்ரெட்டுகள் பதித்த பலகை, தட்டையானது. தட்டை கேப்போ அதில் நன்றாகத்தான் உட்காரும். "தம்பி, இது கிளாசிக்கல், என்னுடையது ஸ்டீல் கம்பி, கொஞ்சம் இதில் போட்டுப் பாருங்கள்" என்று என் பையைத் திறந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிட்டார்னா கிட்டார்தானே மேடம்" என்று சொல்லிவிட்டு, பிரச்சனை தீர்ந்தது என்று கணினியில் பதிந்து, என் கையெழுத்தும் கேட்டார். நான் போடவில்லை. உங்கள் பதிவில் "தீர்ந்தது" என்று இருந்தால் அது பொய்.

உங்கள் தொழிலை உங்களுக்கே விளக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். என் கிட்டாரின் ஃப்ரெட்போர்டு 16 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல மெல்ல வளைந்திருக்கும். மார்ட்டின் கிட்டார்களிலும் பெரும்பாலும் இதே அளவுதான். அகலம் நட் பக்கம், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில், 43 மில்லிமீட்டர். கிளாசிக்கலில் வளைவே இருக்காது, அகலமும் சுமார் 52 மில்லிமீட்டர். என் மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஃப்ரெட்டின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நடுவில் தொடுகிறது, இரண்டு ஓரத்திலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. அதே ஸ்கேலை உங்கள் கேப்போவின் ரப்பரில் வைத்தால் ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. அந்த அரை மில்லிமீட்டர்தான் ஓரக் கம்பிகளின் இரைச்சல். ஓரத்தில் போகாத அழுத்தம் முழுவதும் நடுவில் விழுவதால்தான் மூன்றும் நான்கும் சுருதி ஏறுகின்றன. இரண்டையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். டன்லப், ஷப் போன்ற நிறுவனங்கள் ஸ்டீல் கம்பிக்கு வளைவாகவும் கிளாசிக்கலுக்குத் தட்டையாகவும் தனித்தனி மாடல் போட்டு, பெட்டியிலேயே குறித்து விற்கின்றன. உங்களிடமும் இரண்டு மாடலும் உண்டு என்று உங்கள் இணையப் பக்கத்திலேயே பார்த்தேன். அந்த இன்னொன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இப்போது என் நஷ்டத்தைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு திருமணத் திருப்பலி. பாட வந்த அம்மாவுக்குச் சுருதி ஆறரைக் கட்டை, அதாவது பி ஃபிளாட். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஜி, சி, டி கார்டுகளைத் திறந்த கம்பிகளோடு நிம்மதியாக வாசித்துவிடலாம். வேறு கேப்போ கையில் இல்லை, உங்களுடையதை நம்பிப் போட்டேன். நுழைவுப் பாடலின் முதல் வரியிலேயே மைக்கில் அந்தக் கரகரப்பு கோவில் முழுக்கக் கேட்டது. பாடியவர் திரும்பிப் பார்த்தார், பங்குத்தந்தை நிமிர்ந்து பார்த்தார். கேப்போவைக் கழற்றிவிட்டு மீதிப் பாட்டு முழுவதும் ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தே வாசித்தேன். இரண்டு நாள் இடது கை மடங்கவில்லை. பதினான்கு வருடத்தில் சேர்த்த பெயர் ஒரே காலையில் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு எந்தத் திருமண அழைப்பும் வரவில்லை. கம்பி, பஸ், பெக், விட்டுப்போன வகுப்புகள், வராமல் போன அழைப்புகள் எல்லாம் சேர்த்தால் இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு பைசா குறையாது. அந்தக் கல்யாண வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் வந்து சொல்வீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது முறை வந்தபோது, நனைந்த கிட்டாரைத் துடைக்கத் துணி கொடுத்த காவலாளி அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நான் கேட்பது பெரிய விஷயமும் இல்லை. ஸ்டீல் கம்பிக்கு உரிய வளைவு மாடல் ஒன்றை என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், தட்டையானதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் 1,490 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கம்பிக்கான 650 ரூபாயும் தர வேண்டும், ஏனென்றால் அது உங்கள் ஆள் சொல்லி நான் செய்த செலவு. அப்புறம் அந்த வியாழக்கிழமை பேசியவர் ஒரு வரியாவது எழுதி வருத்தம் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். நாலாவது முறை புதுச்சேரிக்கு வரச் சொல்லாதீர்கள், வரமாட்டேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். ஆன்லைனில் விற்பவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. இரண்டையும் நீங்கள் செய்யவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவேன். அதற்கும் அசையவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அப்போது கடலூருக்கு பஸ் ஏறி வர வேண்டியது நீங்கள். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ரசீது நகல், இரண்டு போட்டோக்கள், கம்பி வாங்கிய பில், மூன்று நாள் பஸ் டிக்கெட்டுகள் இணைத்துள்ளேன். முதல் நாள் டிக்கெட் ஒன்று மட்டும் மழையில் கிழிந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பின்குறிப்பு: இப்போது ஞாயிறு பூசைக்கு, என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பெண்ணின் திருகு கேப்போவை இரவல் வாங்கி வாசிக்கிறேன். 350 ரூபாய்ப் பொருள். போடக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் ரப்பர் வளைவானது, தேவையான அளவுக்கு மட்டும் திருகி இறுக்கலாம், ஆறு கம்பியும் சுத்தமாகக் கேட்கின்றன. அவளுக்குப் பள்ளி ஆண்டு விழா வருகிறது. அதற்குள் நான் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.